மூளைக்கும் மூட்டைக்கும் என்ன சம்பந்தம்?



சரக்குப் பாதுகாப்பு, வரி, எடை, கணக்கு என்று எத்தனையோ பாடங்களை இந்தப் பக்கங்களில் நாம் படித்திருக்கிறோம். இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருப்பது நம் கடையில் வேலை செய்கிறவர்களின் உடம்பும் மூளையும் பற்றிய பாடம். "மளிகைக்காரனுக்கு எதற்கு டாக்டர் வேலை?" என்று சிலர் சிரிக்கலாம். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் யாராவது நம்மிடம் இதைச் சொல்லியிருந்தால் நாமும் சிரித்திருப்போம். நாம் படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. மற்றதெல்லாம் கொத்தவால்சாவடியிலும் அதன் பிறகு தண்டையார்பேட்டையிலும் மூட்டைகளுக்கு நடுவே கற்றதுதான். ஆயினும் ஒரு சாதாரண சிட்டைக் கட்டு நம்மை இந்த விஷயத்தில் இழுத்துவிட்டது.

நமது மண்டியில் தவறாகப் போட்ட பில்களையும், திரும்பி வந்த சரக்குக்கான சிட்டைகளையும் தனியாக ஒரு கம்பியில் குத்தி வைக்கும் பழக்கம் உண்டு. தகப்பனார் காலத்துப் பழக்கம். ஒரு ஆயுதபூஜைக்குக் கடையைச் சுத்தம் செய்தபோது, அந்தக் கட்டை எடுத்து, எந்த எந்த நேரத்தில் போட்ட பில் என்று பிரித்துப் பார்த்தோம். காலை 10 மணிக்கு எண்ணூர், திருவொற்றியூர், காசிமேட்டுச் சில்லறைக் கடைக்காரர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். மூச்சுவிட நேரமிருக்காது. தவறு அப்போதுதான் அதிகம் நடக்கும் என்று நினைத்திருந்தோம். இல்லை. ஈ காக்கை வராத பிற்பகல் இரண்டரைக்கும் நாலரைக்கும் இடையில்தான் பெரும்பாலான தவறுகள் நடந்திருந்தன. 35 என்பதை 53 என்று எழுதியது, உளுந்துக்குப் பதில் பாசிப்பயறு ஏற்றியது, ஒரே சிப்பத்தை இரண்டு தடவை எண்ணியது, இப்படி.

"சாப்பிட்ட மயக்கம்" என்று நாம் சொல்வோம். அதில் பாதிதான் உண்மை. சாப்பிடாமல் இருந்தாலும் அந்த நேரத்தில் மனிதனுக்குச் சோர்வு வரும் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். காரணம் நம் தலைக்குள் இருக்கும் கடிகாரம். இரண்டு கண்களிலிருந்து வரும் நரம்புகளும் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசிமணியைவிடச் சிறிய ஒரு திரட்சி இருக்கிறது. அதில் சுமார் 20,000 நரம்பணுக்கள். வெளிச்சத்தைப் பார்த்து நேரம் கணக்கிட்டு, உடம்பின் சூடு, பசி, விழிப்பு எல்லாவற்றையும் ஏற்றி இறக்குவது அதுதான். உயிரணுவுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டுபிடித்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் என்ற மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அவர்கள் ஆராய்ந்தது எதை என்று நினைக்கிறீர்கள்? நம் கடை வாழைப்பழத்தாரை மொய்க்குமே, அந்தச் சின்னப் பழ ஈயை!

கடிகாரம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது சேரச் சேரத் தூக்கம் அழுத்தும். தூங்கினால் கரையும். டீயும் காப்பியும் அந்த அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் தாம் போய் உட்கார்ந்துகொள்கின்றன. பாக்கி அப்படியே நிற்கும், பாக்கிக்காரன் மட்டும் வாசலில் தெரியமாட்டான். மூன்று மணி டீ என்பது இதுதான். கடனை அடைக்கவில்லை, தள்ளிப்போட்டிருக்கிறோம்.

சரி, இதற்கும் வேலைக்கும் எவ்வளவு சம்பந்தம் என்று யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அல்ல, நம் சென்னையிலேயே. ஃபிராங்க் ஷில்பாக், கௌதம் ராவ், ஹெதர் ஸ்கோஃபீல்ட் முதலிய ஐந்து பொருளியல் அறிஞர்கள் குறைந்த வருமானமுள்ள 452 பேரை ஒரு மாத காலம் கணினியில் விவரம் பதியும் வேலைக்கு வைத்தார்கள். கையில் கடிகாரம் போல ஒரு கருவியைக் கட்டி, அவர்கள் இரவில் உண்மையாக எவ்வளவு நேரம் தூங்குகிறார்கள் என்று அளந்தார்கள். படுக்கையில் இருந்தது 8 மணி நேரம், தூங்கியது சராசரி ஐந்தரை மணி நேரம்தான்! கொசு, புழுக்கம், தெருச் சத்தம், பக்கத்தில் குழந்தை, இவற்றால் அடிக்கடி விழித்துக்கொள்கிறார்கள். கொருக்குப்பேட்டையிலும் நேதாஜி நகரிலும் ஒற்றை அறையில் ஐந்து பேர் படுக்கும் வீடுகளை அறிந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் அளவு தெரிந்தது இப்போதுதான்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. ஒரு பிரிவினருக்கு மெத்தை, தலையணை, விசிறி, கண்மறைப்பு, காதடைப்பான் எல்லாம் கொடுத்து இரவில் அதிகம் தூங்கச் சொன்னார்கள். தினம் 27 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். வேலையில் ஒன்றும் கூடவில்லை! துண்டு துண்டான தூக்கத்தில் அரை மணி சேர்ந்தும் பயனில்லை போலும். இன்னொரு பிரிவினருக்கு வேலையிடத்திலேயே மதியம் அரை மணி நேரம் படுக்க இடம் கொடுத்தார்கள். அவர்களுடைய வேலைத் திறன் சுமார் 2.3 சதவீதம் கூடியது. கவனமும் மனநிலையும் தெளிந்தன. 2021-ல் இது ஆராய்ச்சி இதழில் அச்சாகியது.

உடனே எல்லோரும் கடையில் பாய் வாங்கிப் போடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. வியாபாரியாக முழுக் கணக்கையும் பார்க்க வேண்டும். அந்த அரை மணியில் சும்மா ஓய்வாக உட்கார்ந்திருந்தவர்களைவிடத் தூங்கியவர்கள் சுமார் 4 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். ஆனால் ஓய்வே எடுக்காமல் தொடர்ந்து வேலை செய்தவர்களோடு ஒப்பிட்டால் தூங்கியவர்கள் சுமார் 8 சதவீதம் குறைவாகத்தான் சம்பாதித்தார்கள். அரை மணி போனது போனதுதானே. அது தட்டச்சு வேலை; அங்கே தவறினால் ஓர் எழுத்துத்தான் போகும். நம் மண்டியில் மூன்று மணிக்கு ஒரு சிப்பம் தவறினால் 50 கிலோ பருப்பு போகும். எப்படியும் அந்த நேரத்தில் பாதி ஆட்கள் மூட்டைமேல் சாய்ந்து கண்ணை மூடித்தான் இருக்கிறார்கள். முதலாளி வந்தால் திடுக்கிட்டு எழுவார்கள். அந்தத் தூக்கம் யாருக்கும் லாபமில்லை. ஆகவே நாம் இரண்டு மணிக்கு முறைவைத்து, அரை மணி, மேல்மாடியில் விசிறிக்குக் கீழே என்று வெளிப்படையாகவே அனுமதித்துவிட்டோம். முக்கியமான கணக்கு சரிபார்ப்பதையும் ரொக்கம் எண்ணிக் கட்டுவதையும் காலை 11 மணிக்கு மாற்றினோம். கம்பியில் குத்தும் சிட்டை இன்று முன்போல் கனமாக இல்லை.

இனி நாம் சொல்லப்போவது சற்று மனவருத்தமான விஷயம்.

2009-ல் நம்மிடம் ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பதினோரு வருடம் நம்மிடம் இருந்தவர். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். அந்த ஆண்டு மகள் கல்யாணத்துக்காகத் தண்டல்காரர்களிடம் பணம் வாங்கியிருந்தார். தினமும் மாலை ஆறு மணிக்கு ஒருவன் சைக்கிளில் வந்து கடை வாசலில் நிற்பான். நாம் பார்த்தோம், கேட்கவில்லை. அவரவர் சொந்த விஷயம் என்று விட்டுவிட்டோம். கொஞ்ச நாளில் அவருடைய பேரேட்டில் தவறுகள் வரத் தொடங்கின. ஒருவர் கட்டிய பணம் இன்னொருவர் பற்றில் வரவானது. கடைசியில் இருபது சிப்பம் துவரம்பருப்பு இருப்பில் குறைந்தது. பில்லும் இல்லை, சரக்கும் இல்லை. பணமுடை உள்ளவர், சாவி அவரிடம். நாம் ஒன்றையும் ஒன்றையும் கூட்டினோம். "அண்ணாச்சி, நான் எடுக்கல" என்று மட்டும் சொன்னார். கணக்கை முடித்து அனுப்பிவிட்டோம்.

மூன்று மாதம் கழித்து எர்ணாவூரில் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்து, "அண்ணாச்சி, இருப்பு எடுத்தப்போ இருபது சிப்பம் கூடுதலா நிக்குது. உங்க மண்டிச் சரக்குதான். பில் போடாம ஏத்தி விட்டுட்டீங்க போல" என்றார். அவர் நேர்மையான வியாபாரி. நாம்தான் தலைகுனிந்து நின்றோம். கணக்குப்பிள்ளை தங்கியிருந்த அறைக்கு ஆள் அனுப்பினோம். காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார். எழுதிய கடிதத்துக்கு அவர் மகன் பதில் போட்டான். அப்பா வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார், திரும்ப வர விருப்பமில்லை என்று இரண்டே வரி.

நாணயமுள்ள மனிதர் எப்படி அப்படித் தவறினார்? இதற்குப் பதில் 2013-ல் வந்தது என்று சொல்லலாம். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஷாவோ ஆகிய நால்வர் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஆராய்ந்த இடம் நம் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்கள். 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகள். கரும்பு விவசாயிக்குப் பணம் அறுவடை முடிந்துதான் மொத்தமாகக் கிடைக்கும். வெட்டுவதற்கு முன்பு கைநெருக்கடி, வெட்டிய பின் தாராளம். அறுவடைக்கு முன் 78 சதவீதம் பேர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். பின்பு 4 சதவீதம் பேர்தான். ஆலைகள் வெட்டும் முறையை ஆளுக்கொரு தேதியில் கொடுப்பதால், ஒரே மாதத்தில் ஒரு விவசாயி நெருக்கடியிலும் அடுத்த வயல்காரர் பணத்தோடும் இருப்பார். ஆகையால் வெயில், மழை என்று வேறு காரணம் சொல்ல இடமில்லை.

அதே மனிதரை முன்னும் பின்னும் சோதித்தார்கள். ஒரு சோதனை படப் புதிர்: அறுவடைக்கு முன் சராசரியாக 4.35 சரி, பின்பு 5.45 சரி. இன்னொன்று நம் தொழிலுக்கு மிக நெருக்கமானது. '5 5 5' என்று எழுதிக் காட்டுவார்கள். என்ன எண் என்று சொல்லக்கூடாது, எத்தனை எண் என்று சொல்ல வேண்டும். அதாவது 'மூன்று' என்று. வாய் 'ஐந்து' என்றுதான் வரும். அதை அடக்கிச் சரியாகச் சொல்லி முடிக்க, அறுவடைக்கு முன் 146 விநாடி ஆனது, பின்பு 131 விநாடி. மூட்டைமேல் ஒரு எண் இருக்க, மூட்டையின் எண்ணிக்கையை நாம் சொல்ல வேண்டிய அதே வேலை!

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிதான் கணக்கைப் பிடித்து வைப்பது, வாய்க்கு வருவதை அடக்குவது, அடுத்து என்ன என்று திட்டமிடுவது எல்லாம். அங்கே இடம் குறைவு. ஒரே சமயத்தில் நாலைந்து விஷயத்துக்கு மேல் நிற்காது. வாடிக்கையாளர் வாயால் சொல்லும் பத்து சாமானில் ஏழாவது கடைப் பையனுக்கு மறந்துபோவது அதனால்தான். அந்தச் சின்ன இடத்தில் 'ஆறு மணிக்குத் தண்டல்காரன் வருவான்' என்ற ஒன்று எப்போதும் உட்கார்ந்திருந்தால், துவரம்பருப்புச் சிப்பம் எங்கே உட்காரும்?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லா ஆராய்ச்சியும் இப்படியே சொல்லவில்லை. 2016-ல் வெளியான ஒன்றில், அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்துப் பார்த்து அப்படி ஒரு வேறுபாடும் இல்லை என்றார்கள். பாக்கி ஒரு வாரம் நிற்பதும், ஊர் முழுக்கக் கடன் நிற்பதும் ஒன்றா என்ன? நமக்குப் பொருந்துவது ஒடிசாவில் நடந்தது. இலை தைக்கும் கூலித் தொழிலாளிகளில் சிலருக்கு மட்டும் சேரவேண்டிய கூலியில் பெரும்பகுதியைச் சில நாள் முன்னதாகவே கொடுத்தார்கள். கூலி விகிதம் ஒன்றுதான், இனாம் ஒன்றும் இல்லை. முன்னதாக வாங்கியவர்கள் மறுநாளிலிருந்து சுமார் 7 சதவீதம் கூடுதல் இலை தைத்தார்கள். தையலில் கவனப் பிசகும் குறைந்தது. ஏழ்மை மிகுந்தவர்களிடம் பலன் இன்னும் அதிகம். வாங்கிய பணத்தில் முதலில் கடனைத்தான் அடைத்தார்கள்.

நமது மண்டியில் இப்போது சம்பளம் 1-ம் தேதி பாதி, 16-ம் தேதி பாதி. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்துக்கு முன், கேட்காமலே ஒரு முன்பணம். வட்டியில்லை, பத்து மாதத்தில் பிடித்துக்கொள்வோம். கடை வாசலில் தண்டல்காரர் வந்து நின்றால் நாம் இப்போது கேட்கிறோம். "எவ்வளவு பாக்கி?" என்று கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேட்காமல் விட்டதன் விலை நமக்குத் தெரியும்.

தீபாவளி போனஸ் பற்றியும் மூளை ஆராய்ச்சியில் ஒரு பாடம் உண்டு. 1990-களில் வொல்ஃப்ரம் ஷூல்ட்ஸ் என்ற விஞ்ஞானி, குரங்கின் மூளையில் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால் அந்த அணுக்கள் துள்ளின. ஒரு விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, விளக்கைக் கண்டதும் துள்ளின. சாறு வந்தபோது ஒன்றுமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டாலோ, சாதாரண நிலைக்கும் கீழே அடங்கிவிட்டன. மனிதன் குரங்கல்ல என்றாலும் நம் கடையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். முதல் வருடம் கொடுத்த கூடுதல் 500 ரூபாய்க்கு முகமெல்லாம் மலர்ச்சி. மூன்றாம் வருடம் அதே 500 ரூபாய்க்கு ஒரு சலனமும் இல்லை. ஒரு வருடம் குறைத்தால் பொங்கல் வரை முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். "எவ்வளவு கொடுத்தாலும் நன்றியில்லை" என்று சங்கக் கூட்டங்களில் நாம் புலம்புவது வழக்கம். நன்றி இல்லாமல் இல்லை. எதிர்பார்ப்பில் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். வாக்குக் கொடுத்ததைக் குறைக்காமல் கொடுப்பதும், நல்ல வேலையைக் கண்டால் அன்றைக்கே எதிர்பாராமல் ஒரு நூறு ரூபாய் கையில் வைப்பதும் மேல் என்பது நமது அபிப்பிராயம்.

உடம்பு விஷயம் இரண்டு. நம் கரையோரத்தில் வெயிலைவிடக் கொடியது புழுக்கம். வியர்வை சுரந்தால் போதாது, காய வேண்டும். காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்த எண்ணூர்க் கரையில் அது காயாது. இந்தியத் தொழிற்சாலைகளை ஆராய்ந்து 2021-ல் வெளியிட்ட ஒரு கணக்கு, வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஆண்டு உற்பத்தி சுமார் 2 சதவீதம் குறைகிறது என்கிறது. தகரக் கூரைக் கிடங்கில் மே மாதம் மதியம் லாரி இறக்குகிறவர்கள் இதை யோசிக்கவேண்டும். நாம் லாரியைக் காலை ஏழு மணிக்குள் வரவழைக்கப் பார்க்கிறோம். துறைமுகத்துக் கண்டெய்னர் வண்டி நெரிசலில் எப்போதும் முடிவதில்லை. அதிகாலை லோடுமேன்கள் வெறும் டீயோடு வருவதும் தவறு. சென்னை சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்களுக்குத் தினம் 700 கலோரி கூடுதல் உணவு ஐந்து வாரம் கொடுத்துப் பார்த்ததில் உழைப்பும் வருமானமும் சுமார் 10 சதவீதம் கூடியதாக ஸ்கோஃபீல்ட் அம்மையார் கண்டிருக்கிறார். ஆறு இட்லியின் விலை, ஒரு மூட்டை கிழிந்து சிந்தும் அரிசியைவிடக் குறைவு.

மற்றொன்று உட்காருவது. கெண்டைக்கால் சதை நடக்கும்போது பம்பு போல இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நின்றால் இரத்தம் காலில் தேங்கி, நரம்பு சுருட்டிக்கொள்ளும். நம் தலைமுறை வியாபாரிகளில் பலர் வேட்டியைச் சற்று உயர்த்தினால் சாட்சி தெரியும். கேரளம் 2018-லும், தமிழ்நாடு 2021-லும் கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் என்று சட்டத்தைத் திருத்தின. நம் 1947-ம் வருடக் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவாகச் சேர்ந்திருக்கிறது. சிறிய கடைக்காரர்கள் பலருக்கு இது இன்னும் தெரியவில்லை. நாலு முக்காலி போதும், ஆய்வாளர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இந்த மூளை விஷயத்தை வைத்து வியாபாரம் செய்கிறவர்களும் கிளம்பியிருக்கிறார்கள், கவனம். வலது மூளைக்காரர் விற்பனைக்கு, இடது மூளைக்காரர் கணக்குக்கு என்று ஓட்டலில் வகுப்பெடுக்கிறார்கள். அப்படி மனிதர்களைப் பிரிக்க விஞ்ஞானத்தில் ஆதாரம் கிடையாது. விரல் ரேகையை எடுத்து வேலைக்காரரின் திறமையைச் சொல்கிறேன் என்று ஒருவர் நம் கடைக்கே வந்து, ஆளுக்கு இவ்வளவு என்று விலை சொன்னார். கைநாட்டு வைத்தே நம் முன்னோர் ஆயிரம் கடன் பத்திரம் பார்த்திருக்கிறார்கள்; ரேகையைப் பார்த்து ஒருவனும் நாணயத்தைச் சொன்னதில்லை என்று சொல்லி, ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

அந்தக் கணக்குப்பிள்ளையின் மகன் சென்ற ஆண்டு ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை வந்தவன், தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கி, வழி கேட்டுக்கொண்டு மண்டிக்கு வந்தான். அப்பா நன்றாக இருக்கிறார் என்றான். இருபது சிப்பத்தின் கதையை நாம் முழுதும் சொன்னோம். அவனுக்குத் தெரிந்தே இருந்தது. நம் கடிதத்தை அவர் வைத்திருக்கிறாராம். மேல்மாடியில் இரண்டு பேர் தூங்குவதைப் பார்த்துவிட்டு, "அப்பா இருந்தப்போ இது இல்லையே அண்ணாச்சி" என்றான். இல்லை என்றோம்.